பாடுவது வேறு, பாட வைப்பது வேறு

அன்புள்ள தம்பிக்கு,



உங்கள் பங்கின் பாடகர் குழுவைப் பங்குத்தந்தை உன் பொறுப்பில் விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். மனமார்ந்த வாழ்த்துகள். கூடவே ஒரு பட்டியலும் போட்டிருந்தாய்: எந்தக் கீபோர்டு வாங்கலாம், பேஸ் கிட்டார் தேவையா, எத்தனை மைக் வேண்டும், கிறிஸ்துமஸுக்கு நான்கு குரல் பிரித்துப் பாடலாமா. நல்ல கேள்விகள்தான். ஆனால் அத்தனையும் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிலரைப் பற்றியவை. எதிரே உட்கார்ந்திருக்கும் சில நூறு பேரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தை அவர்கள் சார்பில் எழுதுகிறேன்.

நீ நன்றாகப் பாடுவாய் என்பது உனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரியும். இனி உன் வேலை அதுவல்ல. கச்சேரியில் கூட்டம் வாய் திறக்காமல் கேட்டால் பாடகருக்கு வெற்றி. கோயிலில் கூட்டம் வாய் திறக்காமல் கேட்டால் கொயர் மாஸ்டருக்குத் தோல்வி. நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதாம்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கி.பி. 386-இல் மிலான் நகரத்தில், சிறுவனாக இருந்த பேரரசனின் தாய் யுஸ்தீனா, கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை ஏற்காத ஆரியக் கொள்கையினருக்காகக் கோயிலைக் கேட்டார். ஆயர் அம்புரோஸ் தர மறுத்தார். மக்கள் கோயிலுக்குள்ளேயே இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அவர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க, கீழைத் திருச்சபைகளின் வழக்கப்படி திருப்பாடல்களையும் கீதங்களையும் மக்களையே பாட வைத்தார் அம்புரோஸ். அந்த வழக்கம் அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் பரவியதாக அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் எழுதியிருக்கிறார். அந்த ஆயர் மக்களுக்குப் பாட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்யவில்லை என்பதைக் கவனி.

நடுவில் பல நூற்றாண்டுகள் பாட்டு மக்களை விட்டு விலகிப் பயிற்சி பெற்ற குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியா திருநாளில், திருத்தந்தை பத்தாம் பயஸ் கோயில் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பியானோவுக்கும் பறை முதலான தாளக் கருவிகளுக்கும் அதில் தடை. பாடகர் குழுவில் பெண்களுக்கும் இடமில்லை. இன்று படித்தால் சிரிப்பாய். ஆனால் நம்பிக்கையாளர்கள் வழிபாட்டில் செயல்முறையில் பங்கெடுக்க வேண்டும் என்ற பேச்சும் அதே ஆணையில்தான் வருகிறது. தடைகள் காலத்தோடு போயின, பங்கெடுப்பு நின்றது. 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. நாம் தமிழில் பூசை காண்பதும் உன் குழுவின் பெண்கள் மைக் பிடிப்பதும் இந்த நெடுவழியின் பயன்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மக்கள் பாடாததற்குப் பக்தி குறைவு காரணம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். நம்பாதே. பத்தில் எட்டு இடத்தில் காரணம் சுருதி. பாட்டை நீ கற்றுக்கொண்டது ஒலிப்பதிவிலிருந்து. அதைப் பாடியவர் தேர்ந்த பின்னணிப் பாடகர். அவருடைய ஸ்கேலிலேயே நீயும் எடுத்தால் சரணம் உச்சத்துக்குப் போகும்போது கோயில் முழுக்க வாய் மூடிக்கொள்ளும். பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரம் எது என்று முதலில் பார். பெண்களுக்கு அது மேல் டி-யைத் தாண்டாமலும், ஆண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள டி-யைத் தாண்டாமலும் வை. அதிகாலைப் பூசையில் தொண்டை இன்னும் எழுந்திருக்காது. இன்னும் அரைச் சுருதி இறக்கு. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருப்பது இதற்குத்தான். உன் குழுவின் நல்ல குரல்காரருக்குப் பாட்டு மந்தமாகத் தோன்றும். முணுமுணுப்பார். பரவாயில்லை.

அடுத்து மூச்சு. ரிதம் ஸ்டைலைப் போட்டுவிட்டால் கருவி நிற்காமல் ஓடும். மனிதர் வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும். வரி முடிவில் இடம் விடு. நீண்ட இன்டர்லூட் வாசிக்காதே. எப்போது சரணம் தொடங்கும் என்று தெரியாதவர்கள் தொடங்க மாட்டார்கள். பென்டிரைவ் டிராக் போட்டுப் பாடும் பழக்கம் உங்கள் பக்கத்திலும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நற்கருணை வரிசை நீளமா குட்டையா என்று டிராக்குக்குத் தெரியாது. காணிக்கைப் பவனி பீடத்தை அடைந்துவிட்டது என்று அதனிடம் யாரும் சொல்ல முடியாது. ஒரு கையால் சுமாராக வாசிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைவிட மேல்.

எந்தப் பாட்டில் அதிக உழைப்பைப் போடுவது என்பதில் நாம் ஏறக்குறைய தலைகீழாக நடக்கிறோம். வருகைப் பாடலுக்கும் நற்கருணைப் பாடலுக்கும் வாரம் முழுக்க ஒத்திகை. குருவானவரோடு மக்கள் மாறிமாறிச் சொல்லும் பதில்களைப் பேச்சாகவே விட்டுவிடுகிறோம். 1967 மார்ச் 5-இல் உரோமை வெளியிட்ட இசை பற்றிய அறிவுரை ஏடு வரிசையை வேறுவிதமாக வைத்திருக்கிறது. முதல் படியில் குருவும் மக்களும் பரிமாறும் வாழ்த்துரைகள், தொடக்கவுரை, ‘தூயவர்’, ஆண்டவர் கற்பித்த செபம். இரண்டாம் படியில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, வானவர் கீதம், ‘உலகின் பாவம் போக்கும்’. மூன்றாம் படியில்தான் வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் நற்கருணைப் பாடலும். முதல் படி இல்லாமல் மற்றவற்றுக்குப் போகக்கூடாது என்றும் அது சொல்கிறது. ‘தூயவர்’ பாடலுக்கு ஒரே மெட்டை ஓராண்டு முழுக்க வை. புத்தகம் பார்க்காமல், திரை பார்க்காமல் பாட்டிமார் பாடும் நாள் வரும். அதன்பிறகு இரண்டாவது மெட்டைப் பற்றி யோசிக்கலாம். வானவர் கீதத்தின் சொற்களை மாற்றிப் புதிதாகக் கட்டிய பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்த இடத்தில் வேண்டாம்; திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் அதை அனுமதிப்பதில்லை.

பதிலுரைப் பாடலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் வாசகம் முடிந்ததும் ஏதோ ஒரு தியானப் பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடும் வழக்கம் பல பங்குகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்த இடம் விவிலியத்தின் திருப்பாடலுக்கு உரியது. அன்றைய வாசகத்துக்கு இசைந்த திருப்பாடல் வாசக நூலிலேயே இருக்கிறது. மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடங்கும் ஒரு பல்லவி மெட்டைக் கட்டு. சரணங்களை ஒருவர் நிதானமாக, சொல் தெளிவாக ஓதட்டும். மக்கள் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாட முடிகிறதா என்பதே அளவு. இசையமைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி உனக்குக் கிடைக்காது. வாரம் ஒரு மெட்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 52 ஆகிறது.

தவக்காலத்தில் கருவிகள் பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. அந்த நாற்பது நாளை இழப்பாக நினைக்காதே. கீபோர்டு ஒதுங்கும்போதுதான் மக்கள் குரல் எவ்வளவு இருக்கிறது என்று உனக்கே தெரியவரும். பெரிய வியாழன் அன்று வானவர் கீதத்துக்கு மணிகள் ஒலித்து ஓய்ந்தபின், பாஸ்கா திருவிழிப்பில் அது மீண்டும் முழங்கும்வரை கோயில் காத்திருக்கிறது. முந்திய வாரங்களிலும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த முழக்கத்தின் பலன் கிடைக்காது.

சினிமா மெட்டைப் பற்றிக் கேட்பாய். மெட்டு பாவம் செய்வதில்லை. ஆனால் மெட்டோடு பழைய சொற்களும் காட்சிகளும் ஒட்டிக்கொண்டு வரும். காணிக்கை நேரத்தில் மக்கள் மனம் கொட்டகைக்குப் போய்விடும். பாடும் பொருளைவிடப் பாட்டு தம்மை அதிகமாக ஈர்த்த நேரங்களைக் குற்றமாகவே எண்ணி அஞ்சியவர் அகுஸ்தினார். ஆனாலும் அவர் கோயிலில் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மிலானில் அந்தப் பாடல்கள் தம்மை அழவைத்ததை நினைத்துப்பார்த்து, பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்ந்தார். அந்த அச்சம் உனக்கும் கொஞ்சம் இருப்பது நல்லது.

நம் வீட்டிலேயே வேண்டிய அளவு சொத்து இருக்கிறது. குளத்தூரில் பிறந்து மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருடைய கீர்த்தனைகள் கச்சேரி மேடைக்குப் போயின. கோயில் பாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. கோவாவில் பிறந்து இலங்கையில் உழைத்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழ் கற்று, பாடுகளைப் பற்றி ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்தில் அதற்கு இன்றும் இடமுண்டு. இவற்றைத் தேடிப் பிடி. வயதானவர்களிடம் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்.

கிரகோரியன் இசையையும் கேள். உன் காதுக்கு அது அந்நியமாக இருக்காது. அதன் டோரியன் அடுக்கு நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களைக் கொண்டது, பிரிஜியன் தோடியின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. கமகம்தான் வேறு. கோர்டுகளை அடுக்காமல், ஒரு தம்பூரா சுருதி மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே குரலாகப் பாடுவதில் எவ்வளவு பலம் என்று அந்த இசை உனக்குக் கற்றுக்கொடுக்கும். நான்கு குரல் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று செய்யுங்கள். ஒன்று போதும்.

குழுவை நடத்துவது பாட்டைவிடக் கடினம். மூத்த குரல்கள் நடுங்குகின்றன என்று மைக்கைத் தள்ளி வைக்காதே; பழைய பாடல்களின் சரியான மெட்டு அவர்களிடம்தான் இருக்கிறது. புதுப் பாட்டை ஞாயிறு பூசையில் திடீரென்று இறக்காதே. அன்பியக் கூட்டத்தில், மறைக்கல்வி வகுப்பில், நவநாளில் இரண்டு வாரம் பழக்கிவிட்டுக் கொண்டுவா. மறைக்கல்விப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் வீட்டில் அம்மாக்களும் கற்றுக்கொள்வார்கள். ஒலிபெருக்கியில் குழுவின் சத்தத்தைக் குறை. தம் குரல் தமக்கே கேட்காத இடத்தில் யாரும் பாட மாட்டார்கள்.

இன்னொன்று. திருமணப் பூசைக்குக் குழு முழுமையாக வரும். பணமும் பிரியாணியும் உண்டு. அடக்கப் பூசைக்கு யாரும் வரமாட்டார்கள். அது பெரும்பாலும் வேலை நாளில், வெயில் நேரத்தில் வரும். நீ ஒருவனாவது போ. அழுகிற வீட்டாரால் பாட முடியாது. அன்று ஊருக்காக நீ பாட வேண்டும். மக்கள் அமைதியாக இருந்தால் தோல்வி என்று மேலே சொன்ன விதிக்கு ஒரே விலக்கு இதுதான். அந்தக் குடும்பம் அதை நெடுநாள் மறக்காது.

‘வெறும் பங்குக் கொயர்தானே’ என்று உன் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தாய். 1791 ஜூனில் மொஸார்ட் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ எழுதியது பாடன் என்ற சிற்றூரின் பங்குக் கொயரை நடத்திய ஆன்டன் ஸ்டோல் என்ற பள்ளி ஆசிரியருக்காக. மொத்தம் 46 தாள அளவுகள் (பார்கள்). தாழ்ந்த குரலில் பாடுங்கள் என்ற குறிப்பைத் தவிர வேறு குறிப்பில்லை. ஷூபர்ட் 1815 மார்ச்சில் ஒரு வாரத்துக்குள் தம் ஜி மேஜர் திருப்பலி இசையை லிக்டன்டால் பங்குக்கு எழுதியபோது அவருக்கு வயது 18. அப்பாவின் பள்ளியில் துணை ஆசிரியர். உலகமே பாடும் ‘சைலன்ட் நைட்’ பாட்டுக்கு 1818 டிசம்பர் 24 அன்று மெட்டமைத்த கிரூபர் ஆர்ன்ஸ்டோர்ஃப் கிராமத்தின் பள்ளி ஆசிரியர். அன்று இரவு ஓபர்ன்டோர்ஃப் கோயிலில் இரண்டு குரலும் கிட்டாரும் போதுமாக இருந்தன. நம் ஊர்களிலும் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த உபதேசியார்தான் கோயிலில் பாட்டும் எடுத்துக்கொடுத்தார். வாத்தியார்கள் வளர்த்த கலை இது. நீயும் அந்த வரிசையில்தான் நிற்கிறாய்.

கடைசியாகக் கீபோர்டு. 61 கட்டை உள்ள, டிரான்ஸ்போஸ் வசதி உள்ள, பங்கின் பணப்பெட்டிக்கு அடங்கும் எதுவும் போதும். மீதிப் பணத்தில் பாட்டுப் புத்தகம் வாங்கு.

வரும் ஞாயிறு இறுதிப் பாடலின் கடைசிச் சரணத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடு. குழுவையும் மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொல். பாட்டு தொடர்ந்தால் பங்குத்தந்தை சரியான ஆளிடம்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். நின்றுபோனால் மனம் தளராதே. அடுத்த வாரம் ஒரு சுருதி இறக்கிப் பார்.

அன்புடன்,
உன் பாட்டு வாத்தியார்