பனியன் கம்பெனியில் தீயணைப்பானை எங்கே மாட்டுவது?

திருப்பூர்ப் பக்கம் தீயணைப்பானே இல்லாத பனியன் கம்பெனி இன்று குறைவு. வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது, இன்சூரன்ஸ்காரர் கேட்கிறார், லைசென்ஸுக்கு வேண்டியிருக்கிறது. அதனால் சிலிண்டர் வாங்கிவிடுகிறார்கள். கோட்டை விடுவது, வாங்கியதை எங்கே மாட்டுவது என்பதில்தான். ஆபீஸ் வாசலில் ஐந்து சிலிண்டர் வரிசையாக நிற்கும். கட்டிங் வேஸ்ட் மூட்டை அடுக்கிய மூலையில் ஒன்றுகூட இருக்காது. தீ சின்னதாக இருக்கும் முதல் ஓரிரு நிமிடத்தில் கைக்கு எட்டாத சிலிண்டர், எத்தனை இருந்தாலும் இல்லாததற்குச் சமம்.

புதிதாக யூனிட் போடுகிறவர்களும் பழைய யூனிட்டைச் சரிசெய்ய நினைக்கிறவர்களும் கீழே உள்ள வரிசைப்படியே செய்யுங்கள். கொட்டேஷன் வாங்குவது மூன்றாவது படிக்குப் பிறகுதான். முதலிலேயே கொட்டேஷன் வாங்கினால், எத்தனை வேண்டும் என்பதை விற்கிறவர் முடிவு செய்வார்.

1. எங்கே எது எரியும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் யூனிட்டை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் எரியக்கூடியது எது என்று குறியுங்கள். கட்டிங்கில் துணியும் வேஸ்ட்டும், தையலில் பீஸும் மோட்டார் மேல் படியும் பஞ்சும், அயர்னிங்கில் துணியும் கரண்டும், பேக்கிங்கில் அட்டைப்பெட்டியும் பாலிபேக்கும், ஜெனரேட்டர் அறையில் டீசல், சமையல் இருந்தால் எண்ணெயும் கேஸும். அரை மணி நேர வேலை.

2. எரிவதைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள்

துணி, அட்டை, மரம், காகிதம் ஏ வகை. டீசல், தின்னர் போன்ற திரவங்கள் பி. கேஸ் சி. ஏபிசி பவுடர் இந்த மூன்றையும் அணைக்கும் என்பதால் ஹால் முழுக்க அதையே மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பனியன் கம்பெனிக்கு அது மட்டும் போதாது.

பவுடர் தீயின் மேற்பரப்பை மூடி ஜுவாலையை அடக்கும்; சூட்டைத் தணிக்காது. துணிக்கட்டிலும் வேஸ்ட் மூட்டையிலும் தீ உள்ளே போய்க் கங்காக இருக்கும். மேலே அணைந்துவிட்டது என்று நகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும். அங்கே தண்ணீர்தான் வேலை செய்யும். கட்டிங், வேஸ்ட் குடோன், பேக்கிங் மூன்றிலும் ஒரு ஏபிசியோடு 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டுங்கள். ஏபிசியால் ஜுவாலையை அடக்கி, மூட்டையை வெளியே இழுத்துப் பிரித்து, தண்ணீரை உள்வரை ஊற்ற வேண்டும். தண்ணீர் சிலிண்டர் மேல் ‘கரண்ட் உள்ள இடத்தில் அடிக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பேனல் போர்டு, கம்ப்யூட்டர், எம்ப்ராய்டரி மெஷின் உள்ள இடத்தில் கார்பன்-டை-ஆக்ஸைடு. பவுடரும் தீயை அணைக்கும். ஆனால் எலக்ட்ரானிக் போர்டுக்குள் புகுந்து அரித்துவிடும். எதை அடித்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கார்பன்-டை-ஆக்ஸைடு வெளியே வரும்போது கடுங்குளிராக இருக்கும் என்பதால் ஹார்னை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. சின்ன மூடிய அறைக்குள் அடித்தால் மூச்சு முட்டும்; கதவைத் திறந்துவைத்து, வாசலில் நின்று அடியுங்கள்.

ஜெனரேட்டர் அறைக்கு ஏபிசி அல்லது ஃபோம். கேஸ் கசிந்து எரிந்தால் முதலில் வால்வை மூடுங்கள். வால்வை மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்தால், கசிகிற கேஸ் அறை முழுக்க நிறைந்து வெடிக்க வழியாகும். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் கூடவே கூடாது; அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள். பெரிய கேன்டீனாக இருந்தால் எண்ணெய்த் தீக்கென்றே வருகிற வெட் கெமிக்கல் சிலிண்டரை வாங்குங்கள்.

எடை விஷயத்தில் என் விதி ஒன்று: தையல் ஹாலுக்கு 4 கிலோ, மற்ற இடங்களுக்கு 6 கிலோ, கையில் தூக்கும் பவுடர் சிலிண்டரில் அதற்கு மேல் வேண்டாம். 6 கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடரின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 10 கிலோ வரும். ஹாலில் பாதிக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற யூனிட்டில், தூக்க முடியாத சிலிண்டரை மாட்டி என்ன பயன்?

3. வெளியே போகும் வழியில் மாட்டுங்கள்

தடுமாறுவது இந்தப் படியில்தான். தீப்பிடிக்கக்கூடிய பொருளுக்குப் பக்கத்திலேயே சிலிண்டர் இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் பேனல் போர்டின் பக்கவாட்டில் ஒன்று, ஜெனரேட்டர் அறைக்குள் ஒன்று, வேஸ்ட் குடோனின் உள்சுவரில் ஒன்று. தீப்பிடித்த பிறகு அந்த சிலிண்டரை எடுக்கத் தீக்குள்ளேதான் கை விட வேண்டும். குடோனின் உட்கோடியில் இருந்தால் எடுக்கப்போனவர் திரும்பும்போது வழி அடைபட்டிருக்கும்.

சிலிண்டர் கதவருகில் இருக்க வேண்டும். குடோனுக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் கதவுக்கு வெளியே. தீயைப் பார்த்தவர் முதலில் கதவுப் பக்கம் வருவார், அங்கே சிலிண்டரை எடுப்பார், கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தீயை நோக்கிப் போவார். அணையவில்லை என்றால் திரும்பி ஓட வழி அப்படியே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹாலில் மாட்டும் எல்லா சிலிண்டரையும் வெளியே போகும் பாதையில் வையுங்கள். பேனல் போர்டுக்கானதும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கதவு இருக்கும் திசையில்.

அடுத்தது தூரம். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2190 சொல்வது, எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் ஒரு சிலிண்டர் இருக்க வேண்டும் என்று. இதைப் படத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுப் பார்க்கிறார்கள். அது பறவைக்கான கணக்கு. நமக்கு வேண்டியது நடக்கிற தூரம்.

30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஒரு தையல் ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். பவர் டேபிள்கள் நீளவாக்கில் வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருக்கின்றன. இடது சுவரின் நடுவில் ஒரு சிலிண்டர். வலப்பக்கக் கடைசி வரிசையின் நடுவில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கு அது கண்ணுக்கு நேரே, 9 மீட்டர் தூரத்தில் தெரியும். எடுக்கப் போனால்? வரிசையின் கோடி வரை 15 மீட்டர், குறுக்கே 9 மீட்டர், திரும்பச் சுவரின் நடுவுக்கு 15 மீட்டர். 39 மீட்டர் நடந்து, அதே 39 மீட்டர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குள் பஞ்சு மேல் ஓடிய தீ பக்கத்து டேபிளுக்குப் போயிருக்கும்.

இதே ஹாலில் வரிசைகளின் நடுவே ஆள் தாராளமாகப் போகுமளவு ஒரு குறுக்கு வழி விடுங்கள். இரண்டு கோடியிலும் அகலச் சுவரின் நடுவில் இருக்கும் கதவுகளருகே ஒவ்வொன்று, குறுக்கு வழி சுவரைத் தொடும் இடத்தில் ஒன்று என மூன்று சிலிண்டர் மாட்டுங்கள். யாரும் 15 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிராது. குறுக்கு வழிக்காகச் சில டேபிள்களை இழக்க நேரிடும், இழந்துவிடுங்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு, மெஷின் எல்லாம் போட்ட பிறகு, வேலை நடக்கிற நேரத்தில் நடந்து அளந்து பாருங்கள். ட்ராலியும் பீஸ் கூடையும் வழியில் நிற்கும்போது அளக்கிற தூரம்தான் உண்மையான தூரம். லைனை மாற்றிப் போட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

மாடிக் கட்டடமாக இருந்தால், எல்லா மாடியிலும் சிலிண்டர் ஒரே இடத்தில் இருக்கட்டும். எந்த மாடிக்கு வேலை மாறிப் போனாலும் கை தானாக அந்த இடத்தைத் தேடும். மாடிப்படி வாயிலில் வைக்கலாம், ஆனால் படிக்கட்டை அடைத்துக்கொண்டு அல்ல. 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 110 பேருக்கு மேல் இறந்தார்கள். துணியும் நூலும் குவித்திருந்த தரைத்தளத்தில் பிடித்த தீ படிக்கட்டு வழியைப் புகையால் அடைத்துவிட்டது. படிக்கட்டின் கீழ் ஒரு அட்டைப்பெட்டிகூட வைக்காதீர்கள். எத்தனை சிலிண்டர் மாட்டினாலும் அதற்கு ஈடாகாது.

4. சுவரை விடத் தூண் நல்லது

அடிப்பாகம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் யாரும் குனியாமல், எம்பாமல் எடுக்கலாம். தரையில் வைத்தால் நகர்த்திவிடுவார்கள், பிறகு கதவுக்கு முட்டுக் கொடுப்பார்கள்.

முடிந்த இடத்திலெல்லாம் நடைபாதையைப் பார்த்த தூணில் மாட்டுங்கள். சுவரோரம் என்றால் ஷிப்மென்ட் சமயத்தில் அதன் முன்னால் பெட்டி அடுக்குவது நிச்சயம். தரையில் மஞ்சள் கட்டம் போட்டும் பயனில்லை. அவசரத்தில் கட்டத்துக்குள்ளேயே அடுக்கிவிடுகிறார்கள். நடைபாதைத் தூணில் இருந்தால் ட்ராலி போக வேண்டுமே என்பதற்காகவாவது அந்த இடம் காலியாக இருக்கும். தூணின் மேல்பகுதியில், அடுக்கும் பெட்டிகளுக்கு மேலே தெரிகிற உயரத்தில், நான்கு பக்கமும் சிவப்புப் பட்டை அடியுங்கள்.

மாட்டிய பிறகு எல்லாக் கதவையும் முழுக்கத் திறந்து பாருங்கள். திறந்த கதவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் சிலிண்டர் நிறைய.

5. வாங்கும்போது

ஐ.எஸ். 15683 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும், உடலில் பொறித்த தயாரிப்பு ஆண்டும் இருக்க வேண்டும். பெயின்ட் புதிதாக இருப்பதை வைத்து சிலிண்டர் புதிது என்று நம்ப வேண்டாம். பவுடர் சிலிண்டர் ஆயுள் 10 ஆண்டு, கார்பன்-டை-ஆக்ஸைடு 15 ஆண்டு.

6. பார்த்துக்கொள்ள

பவுடர், தண்ணீர் சிலிண்டர்களில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கார்பன்-டை-ஆக்ஸைடில் முள் கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கேஸ் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில் செய்யுங்கள். அழுத்தச் சோதனை பவுடருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, கார்பன்-டை-ஆக்ஸைடுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை.

ரீஃபில்காரர் எல்லா சிலிண்டரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். மாற்று சிலிண்டர் இறக்கினால்தான் பழையது வெளியே போக வேண்டும்.

ரீஃபில்லுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அவற்றை ஆட்களிடம் கொடுத்து, வெட்டவெளியில் ஒரு தகரத்தில் வேஸ்ட்டைக் கொளுத்தி அடிக்க விடுங்கள். எப்படியும் மாற்றப்போகிற பவுடர்தானே. அங்கேதான் ஒரு சிக்கல் தெரியவரும். பதற்றத்தில் மேல்பிடி, கீழ்ப்பிடி இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னை இழுப்பார்கள். அழுத்தத்தில் பின் இறுகி வராது, சிலிண்டர் ரிப்பேர் என்று கீழே போட்டுவிடுவார்கள். கீழ்ப்பிடியை மட்டும் பிடித்து, பின்னைச் சற்றே திருகி இழுத்தால் சீல் அறுந்து வந்துவிடும். பிறகு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியைக் குறிபார்த்து, பக்கவாட்டில் ஆட்டி அடிக்க வேண்டும். கிட்டப் போய் அடித்தால் காற்றின் வேகத்தில் எரிகிற பஞ்சு சிதறிப் பரவும். ஒருமுறை கையால் அடித்தவருக்கு இது மறக்காது. சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்தவருக்கு நினைவிருக்காது.

7. எப்போது விட வேண்டும்

கையில் உள்ள பவுடர் சிலிண்டர் சில விநாடிகளுக்குத்தான் வரும். 20 விநாடி வந்தாலே அதிகம். குப்பைக்கூடை அளவுத் தீக்குத்தான் அது. இடுப்புக்கு மேல் ஜுவாலை எழுந்தாலோ, கூரையில் புகை தங்கிக் கீழே இறங்கினாலோ தொட வேண்டாம். ஒருவர் அடிக்கும்போதே இன்னொருவர் 101 அல்லது 112-க்குப் போன் செய்ய வேண்டும். அணைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இதை ஒவ்வொரு சிலிண்டருக்கு மேலும் எழுதிவையுங்கள். ஆடிட்டருக்காக ஆங்கிலத்தில் எழுதிய பலகை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இரவு ஷிஃப்ட் பார்க்கும் பையனுக்குப் புரியாது. தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் மூன்று வரி போதும்: மெயினை ஆஃப் செய். ஒரு சிலிண்டர் அடி. அணையவில்லை என்றால் வெளியே போ.