ஹெட்போன் ஆம்ப், டேக் வாங்கும் முன்...

● டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்குவது டேக். அந்த அனலாக் சிக்னலுக்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்குவது ஆம்ப். சத்தம் போதவில்லை என்றால் பார்க்க வேண்டியது ஆம்ப்பைத்தான்.

● ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது ஓம் அளவைப் பாருங்கள். சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு வோல்டேஜ் அதிகம் தேவை. 32 ஓம் ஹெட்போன்கள் பலவற்றுக்கு லேப்டாப்பே போதும்.

● ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம்.

● இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதுதான் காதுக்கு உசத்தியாகத் தோன்றும். எது ஓடுகிறது என்று பார்க்காமல், ஒரே பாட்டின் ஒரே வரியைக் கேளுங்கள்.

● பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை ஏற்றுங்கள். 'உஸ்' என்ற இரைச்சல் குறைவாக இருப்பதே நல்லது. மறுபடி ஓடவிடும் முன் குறைத்துவிடுங்கள்.

● பட்ஜெட் குறைவா? முதல் செலவு ஹெட்போனுக்கே.