பைப் புகையிலையைப் பல வருடம் பாதுகாக்க

எல்லாப் பைப் புகையிலையும் வைக்க வைக்கச் சிறப்பதில்லை. இயற்கைச் சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலைதான் 5, 10 வருடம் காத்திருக்கத் தகுந்தது; நாக்கைச் சுடும் உறைப்பு தணிந்து சுவை கனிந்து வரும். புகைமூட்டிப் பதப்படுத்தும் லட்டாக்கியாவின் மணம் போகப்போக மங்கும். வெனிலா, செர்ரி எசன்ஸ் ஏற்றிய ரகங்களைச் சேமிக்காதீர்கள்.

இறுக மூடும் கண்ணாடி ஜாடியே சிறந்தது. கழுவி, துளி ஈரமின்றி உலர்ந்த பிறகே நிரப்ப வேண்டும். ஜிப் பை வேண்டவே வேண்டாம், மணம் கசிந்துவிடும். கடலோர ஊர்களில் தகர டின்னும் துருப்பிடித்து ஓட்டையாகும். பெரிய ஜாடி ஒன்றைவிடச் சிறியவை பல நல்லவை: ஒன்றைத் திறந்தாலும் மற்றவை கலையாது. ரகத்தின் பெயரையும் நிரப்பிய தேதியையும் ஒட்டிவையுங்கள்.

இலை நெகிழ்வாக இருக்கட்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதிக ஈரமென்றால் பூசணம் பிடிக்கும். நூல் நூலாகப் படர்ந்து முடை நாற்றம் அடித்தால் அந்த ஜாடியை முழுசாகக் கொட்டிவிடுங்கள், தயங்காதீர்கள்.

வெயில் படாத, சூடேறாத அலமாரி போதும்; ஃப்ரிட்ஜ் தேவையில்லை. எத்தனை வருடம் பழுத்தாலும் உடலுக்குப் புகையிலை செய்யும் கேடு குறையாது. நிகோட்டின் குழந்தைகளுக்கு நஞ்சு, ஆகவே அலமாரிக்குப் பூட்டு அவசியம்.