பால் கூடாது, கடுங்காப்பி கூடும்

வயிற்றுக்கு எது லேசோ அதுவே பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி சோதனைக்கு முந்தின நாள் ஏற்ற உணவு என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ‘தெளிந்த திரவங்கள் மட்டும்’ என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்தாலும், பாவம் வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று அரை டம்ளர் பாலோ கஞ்சியோ கொடுத்துவிடுகிறார்கள். அக்கறையில் செய்வதுதான், ஆனால் சோதனையையே அது கெடுத்துவிடும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அதில் மருத்துவர் தேடும் பாலிப் என்னும் சதை வளர்ச்சி சில மில்லிமீட்டர் அளவில்கூட இருக்கும். சில பாலிப்கள் மேடு தட்டாமல் சுவரோடு சுவராகப் படிந்து கிடக்கும். கண்ணில் பட்டால் அப்போதே அகற்றிவிடலாம். தப்பிவிட்டால் அவற்றில் சில பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். ஒரு பாலிப்பை மறைக்கக் கொஞ்சம் கசடு போதும். அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்களின் கூட்டுக்குழு 2014இல் தந்த வழிகாட்டியின்படி, நான்கில் ஒரு சோதனை வரை குடல் சரியாகச் சுத்தமாகாத நிலையிலேயே நடக்கிறது.

‘பாலும் பழமும் விரத ஆகாரம்தானே, அது எப்படித் தப்பாகும்?’

விரதத்தின் கணக்கு வேறு, இதன் கணக்கு வேறு. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் சோற்றைத் தவிர்த்துப் பாலும் பழமும் சாப்பிடுவது வழக்கம். இங்கே பார்க்க வேண்டியது, சாப்பிட்டது குடலில் எதை மிச்சம் வைக்கும் என்பதை மட்டுமே. பாலில் கொழுப்பும் புரதமும் உண்டு. பழத்தின் நார் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: மறுபக்கம் தெரிந்தால் அது தெளிந்த திரவம். வெள்ளை வெளேரென்ற பால் இதில் தோற்கும், பால் கலக்காத கடுங்காப்பியும் கடுந்தேநீரும் தேறும். தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, சக்கை இல்லாத தெளிந்த ஆப்பிள் ஜூஸ், ஓ.ஆர்.எஸ். கரைசல், வடிகட்டிய தெளிந்த சூப் எல்லாம் சரி. மோர், லஸ்ஸி, ராகிக் கூழ், சத்துமாவுக் கஞ்சி எதுவும் கூடாது. சோறு வடித்த கஞ்சி தண்ணீர் மாதிரித்தான் ஓடும், ஆனால் அது கலங்கல், அதில் இருப்பது மாவுச்சத்து. ரசத்தைச் சில மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. பருப்பு, தக்காளித் தோல், விதை, மல்லித்தழை எல்லாம் அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டினால்தான் அதுவும். உங்கள் சீட்டில் ரசம் இல்லையென்றால் வேண்டாம்.

நிறத்திலும் கவனம் தேவை. மாதுளைச் சாறும் திராட்சை ஜூஸும் ரோஸ் சர்பத்தும் வடிகட்டித் தெளிந்தாலும் கூடாது. அந்தச் சிவப்பும் ஊதாவும் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால் ரத்தமோ என்ற சந்தேகம் எழும்.

‘இளநீர் யாருக்கும் கெடுதல் செய்யாது.’

பெரும்பாலோருக்கு உண்மைதான். வழுக்கையை விட்டுவிட்டு நீரை மட்டும் குடித்தால், குடலைக் கழுவக் கொடுக்கும் பேதி மருந்தால் இழக்கும் உப்புகளில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரக நோயாளிகள் இதைக் கேட்டுக்கொள்ளாமல் குடிக்கக் கூடாது. எந்தப் பேதி மருந்து என்பதையும் அவர்கள் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். சோடியம் பாஸ்பேட் வகை மருந்துகள் சிலருக்குச் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தியதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

‘மூன்று நாள் பட்டினி கிடந்தால் இன்னும் சுத்தமாகும்.’

பட்டினி குடலைக் கழுவாது. சாப்பிடாவிட்டாலும் பித்தநீரும் சளியும் கிருமிகளும் அங்கே சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கழுவுவது மருந்து, உணவுக் கட்டுப்பாடு அதற்கு வழிவிடுகிறது. ஐரோப்பிய வழிகாட்டி 2019இலும் அமெரிக்கக் கூட்டுக்குழு 2025இலும், மலச்சிக்கல் போன்ற சிக்கல் இல்லாதவர்களுக்கு முந்தின ஒரு நாள் கட்டுப்பாடே போதும் என்கின்றன. அன்று காலையும் மதியமும் நார் குறைந்த உணவைக்கூட ஏற்கின்றன. நம் ஊர்க் கணக்கில், சட்னி சாம்பார் இல்லாத வெள்ளை இட்லி. மாலையிலிருந்துதான் தெளிந்த திரவம். ஆனால் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் முன்பு ஒருமுறை குடல் சரியாகச் சுத்தமாகாதவர்களுக்கும் கட்டுப்பாட்டு நாள் கூடும். கொய்யா, கத்திரி, சப்ஜா விதைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதும் உண்டு. குழாயில் கசடை உறிஞ்சும் துளை மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். விதை போய் அதில் அடைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கி ஒட்டவைக்கும் என்பதால், அதையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

‘எல்லா மருந்தையும் ராத்திரியே குடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.’

இந்த நிம்மதிக்கு விலை உண்டு. இரவில் குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மஞ்சள் படலமாக ஒட்டிக்கொள்ளும். தட்டையான பாலிப்கள் அதிகம் ஒளிந்திருப்பதும் அந்தப் பக்கம்தான். ஆகவே பாதி மருந்தை முந்தின மாலையும், மீதியைச் சோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பும் தொடங்கச் சொல்கிறார்கள். காலை ஏழு மணிக்குச் சோதனை என்றால் அலாரம் வைத்து எழுந்து குடிப்பது சிரமம்தான், அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு குடிப்பதை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் உட்பட. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே.

‘ருசியே இல்லை, கொஞ்சம் சர்க்கரை கலந்தால் என்ன?’

கலக்கவே கூடாது. பேதி மருந்தான பாலி எத்திலீன் கிளைக்கால் பொடியைக் குடல் உறிஞ்சிக்கொள்வதில்லை, அது பிடித்துவைத்த தண்ணீரே வெளியேறுகிறது. சர்க்கரை சேர்ந்தால் அந்தச் சமநிலை குலையும். குடல் கிருமிகள் இனிப்பைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும் என்ற கவலையும் உண்டு. ஒருகாலத்தில் குடலைக் கழுவ மேனிட்டால் என்ற இனிப்புப் பொருளைக் கொடுத்தார்கள். அதிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன், பாலிப்பை மின்சாரத்தால் வெட்டும்போது தீப்பற்றி, நோயாளி இறந்த சம்பவம் 1979இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கரைசலைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழலில் குடித்து, இடையில் எலுமிச்சைத் துண்டை முகர்ந்தால் குமட்டல் கொஞ்சம் அடங்கும்.

சர்க்கரை நோயாளிகளிடம் இரண்டு நேர்மாறான நம்பிக்கைகளைப் பார்க்கிறேன். இனிப்பான எதையும் தொடக் கூடாது என்கிறார்கள் சிலர். மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள் வேறு சிலர். சாப்பாடு இல்லாத நாளில் இந்த இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். இன்சுலினையும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் தெளிந்த இனிப்புப் பானம் உடனே குடிக்க வேண்டும், அதற்கு அன்று தடையில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். கொலனோஸ்கோபிக்கும் அப்படியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம்.

‘தண்ணீராகப் போகிறது, மிச்ச மருந்து எதற்கு?’

தண்ணீராகப் போவது பாதி வழி. பழுப்பாகக் கலங்கிப் போனால் உள்ளே இன்னும் இருக்கிறது என்று பொருள். சிறுநீர் மாதிரி தெளிந்த மஞ்சளாகப் போக வேண்டும். மருந்தை முழுதும் குடித்தும் அப்படி ஆகவில்லை என்றால், அல்லது வாந்தியில் பாதி போய்விட்டால், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். எனிமா கொடுத்தோ, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்தோ, நேரத்தைத் தள்ளிவைத்தோ பெரும்பாலும் அன்றே சமாளிப்பார்கள். தெரியாமல் அரை டம்ளர் பால் குடித்திருந்தாலும் அதை நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து நிபுணருக்குப் பால் தெளிந்த திரவம் ஆகாது, அதற்கு அவர் எதிர்பார்க்கும் இடைவெளி ஆறு மணி நேரம்.