பள்ளிக்கூடத்தில் பாக்கெட் தின்பண்டம்: தடை வேண்டுமா?



பள்ளிக்கூடத்திலும் அதன் வாசலிலும் பாக்கெட் தின்பண்டங்களையும் குளிர்பானங்களையும் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு வேண்டுமா? நமதூர்ப் பெற்றோர்கள் கூடும் இடங்களில் இதற்கு இரண்டு விதமான பதில் கேட்கிறோம். "வீட்டில் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, பள்ளிக்கூடமாவது தடுக்கட்டும்" என்கிறார்கள் ஒரு சாரார். "நம் பிள்ளை, நம் காசு. இதில் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை?" என்கிறார்கள் மறுசாரார்.

கட்டுப்பாடு அவசியம் என்பதே நம் கருத்து. ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளையின் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால் அந்தக் கட்டுப்பாடு நிலைக்காது. இந்தப் பாடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

எதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறோம்?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றோ எல்லாமோ அளவுக்கு மீறி இருந்து, உடம்புக்கு வேண்டிய சத்து குறைவாக இருக்கும் பண்டங்களையே இங்கே சொல்கிறோம். சிப்ஸ், கலர் பொடி தூவிய குச்சித் தின்பண்டங்கள், நூடுல்ஸ், குளிர்பானங்கள், கிரீம் பிஸ்கட், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். சாதாரணக் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் சுமார் 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் அளவை, எட்டு வயதுப் பிள்ளை இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிடுகிறது. நம் வீட்டில் ஒரு டம்ளர் தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுப்போமா?

2016 முதல் 2018 வரை நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்தது. அவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருந்தது. சுமார் 28 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்தார். "என் பிள்ளை ஒல்லிதானே, எதைத் தின்றாலும் ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாக்கெட் தின்பண்டம் வயிற்றை அடைத்துவிடும். பிறகு மதியச் சோறும் கீரையும் இறங்காது. ஒல்லியான பிள்ளையிடமிருந்து அது இரத்தத்தை எடுத்துக்கொள்கிறது; பருமனான பிள்ளைக்கு மேலும் எடையைக் கொடுக்கிறது. இருவருக்கும் நட்டம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்று தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதன்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ விடுதிச் சமையற்கூடத்திலோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது. பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. அங்கே அவற்றுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது. இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. இந்த எச்சரிக்கையை நுழைவாயிலில் பலகையாக எழுதி வைக்க வேண்டும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. 2025ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைப்பதே அதன் நோக்கம்.

ஆக, கட்டுப்பாடு கொண்டு வரலாமா என்பது பழைய கேள்வி. இருக்கிற கட்டுப்பாடு நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் நடைமுறையில் இருக்கிறதா என்பதையே இன்று நாம் கேட்க வேண்டும்.

எதிர்த்துச் சொல்லப்படும் மூன்று கருத்துகள்

முதலாவது: "பிள்ளையின் சாப்பாடு பெற்றோரின் உரிமை." உண்மைதான். ஆனால் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை பிள்ளை நம் கண் முன்னால் இல்லை. அந்த நேரத்தில் கேன்டீனில் எதை அடுக்கி வைப்பது என்று முடிவு செய்வது விற்பனைக்காரர். பள்ளிக்கூடம் கட்டுப்படுத்தினால் வீட்டுச் சாப்பாட்டின் மீதான நம் உரிமை போகாது. நாம் இல்லாத இடத்தில் நம் சார்பில் ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது: "தடுத்தால் இன்னும் ஆசை வரும், வெளியே போய் வாங்குவார்கள்." இதிலும் உண்மை உண்டு. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டில் பள்ளி உணவுக்குப் புதிய விதிகள் வந்தபோது, ராதர்ஹாம் பகுதிப் பள்ளி ஒன்றில் தாய்மார்கள் சிலர் வேலிக் கம்பிகளின் வழியாகப் பிள்ளைகளுக்குப் பர்கரும் சிப்ஸும் கொடுத்தது அந்நாடு முழுவதும் செய்தியானது. பெற்றோரிடம் பேசாமல் கொண்டு வரும் விதிக்கு இதுதான் கதி. அதே நேரத்தில் தென் அமெரிக்க நாடான சிலியையும் பாருங்கள். 2016இல் அங்கே சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை போட வைத்தார்கள். பள்ளிகளில் அவற்றை விற்பதைத் தடுத்தார்கள்; பிள்ளைகளை நோக்கிய விளம்பரத்தையும் கட்டுப்படுத்தினார்கள். அதன்பின் முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கடை, விளம்பரம், பள்ளி மூன்றும் ஒரே பேச்சைப் பேசினால் பழக்கம் மாறும்.

மூன்றாவது கருத்துதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது: "பள்ளிக்கூட வாசலில் கடை போட்டிருப்பவர் பிழைப்பு என்னாவது?" அங்கே கடை போடுபவர்களில் கணவனை இழந்தவர்கள் உண்டு, வயதானவர்கள் உண்டு. நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒரு வீட்டுப் பிள்ளையின் நலத்துக்காக இன்னொரு வீட்டின் அடுப்பை அணைக்க நாம் சொல்ல மாட்டோம். சட்டம் 50 மீட்டருக்குள் கடையே கூடாது என்று சொல்லவில்லை. இன்னின்ன சரக்கு கூடாது என்றுதான் சொல்கிறது. அவித்த கடலை, சுண்டல், சீனிக்கிழங்கு, கொய்யா, நெல்லிக்காய், வெள்ளரி, வாழைப்பழம், நீர்மோர் எல்லாம் முன்பு பள்ளிக்கூட வாசலில் விற்றவைதான். பாக்கெட் சரக்கு பல மாதம் கெடாது. சுண்டல் மாலைக்குள் விற்றாக வேண்டும். மீந்து போனால் நட்டம் அவருக்கு. ஆகவே சரக்கை மாற்றச் சொல்லும் நாம், முதல் சில வாரங்களுக்காவது அவருக்குத் துணை நிற்க வேண்டும். பெற்றோர்கள் அவரிடமே வாங்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பலாம். ஈ மொய்க்காமல் மூடி வைக்கக் கண்ணாடிப் பெட்டி வாங்க ஜமாஅத்தோ, வசதியுள்ளவர்களோ வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். இதுவும் ஒரு நல்ல உதவிதான்.

பசி எங்கே தொடங்குகிறது?

பாக்கெட் விற்பனையின் வேர் பல வீடுகளில் காலை நேரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் காலையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து மக்தப் மதரஸாவுக்கு ஓடுகிறார்கள். அங்கிருந்து வந்ததும் சீருடை மாற்றி, பையைத் தூக்கி, வேனுக்கு ஓடுகிறார்கள். இடையில் சாப்பிட நேரமில்லை. "இந்தா, பத்து ரூபாய், ஏதாவது வாங்கிச் சாப்பிடு" என்று கையில் கொடுத்து அனுப்புகிறோம். அந்தப் பத்து ரூபாய்க்குப் பள்ளிக்கூட வாசலில் என்ன கிடைக்கும்? பத்து ரூபாய் விலை போட்ட பாக்கெட்தான். மாலையிலும் இதே கதை. பள்ளி விட்டு மாலை மதரஸாவுக்கோ டியூஷனுக்கோ போகும் அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு பாக்கெட்.

தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவும் விரிவடைந்தன. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை இது. மெட்ரிக் பள்ளிக்குக் கட்டணம் கட்டி அனுப்பும் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு இல்லை. கட்டணம் கட்டுவதால் காலைப் பசி தீராது. அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டின் மீதே விழுகிறது.

மதரஸா நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். காலை வகுப்பைக் கால்மணி நேரம் முன்னதாக முடித்தால், பிள்ளைகள் வீட்டிலோ பள்ளியிலோ உட்கார்ந்து சாப்பிட முடியும். ஓதி முடித்த பிள்ளைக்குப் பரிசாகச் சாக்லேட்டும் பாக்கெட்டும் கொடுக்கும் பழக்கத்தையும் மாற்றலாம். பேரீச்சம்பழம், கடலை உருண்டை, ஒரு பேனா எதுவானாலும் பிள்ளை மகிழத்தான் செய்யும்.

ஹலால் மட்டும் பார்த்தால் போதுமா?

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் இதில் ஹராமான பொருள் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் நல்ல பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அல்குர்ஆன் (2:168) ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூய்மையானது, நல்லது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சொல்லை விட்டுவிட்டோமா என்று நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கலந்திருந்ததே காரணம். வெறும் சர்க்கரைதானே என்று நினைத்து வாங்கிக் கொடுத்த பண்டம் அது.

பாக்கெட்டின் பின்புறம் படிப்போம்

1. சேர்மானப் பொருள்களின் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் இருக்கும். சர்க்கரை, மைதா, பாமாயில் ஆகியவை முதல் மூன்று இடங்களில் இருந்தால் அது தினமும் தின்னும் பண்டம் அல்ல.

2. சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து நான்கால் வகுங்கள். வருவது தேக்கரண்டிக் கணக்கு.

3. உப்பை "சோடியம்" என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்குங்கள். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும்.

4. அளவு முழுப் பாக்கெட்டுக்கா, 100 கிராமுக்கா, ஒருவர் ஒரு முறை உண்ணும் பங்குக்கா என்று கவனியுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடமே பாக்கெட்டைக் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட, அது தானே எண்ணிப் பார்க்கும் ஆறு தேக்கரண்டி மனதில் நிற்கும்.

இனி என்ன செய்யலாம்?

வீட்டில்: காசுக்குப் பதில் டப்பா கொடுத்து அனுப்புங்கள். நாளுக்குப் பத்து ரூபாய் என்றால், 220 பள்ளி நாளுக்கு ஒரு பிள்ளைக்கு 2,200 ரூபாய். மூன்று பிள்ளைகளுக்கு 6,600 ரூபாய். அந்தப் பணத்துக்கு முட்டையும் வேர்க்கடலையும் பழமும் வாங்கலாம். அத்தாமார்களும் மாலையில் வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கென்று பாக்கெட் வாங்கி வருவதை நிறுத்த வேண்டும். உம்மா மறுப்பதை அத்தா வாங்கிக் கொடுத்தால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? விருந்து நாளில் சமோசாவும் ரோஸ்மில்க்கும் இருக்கட்டும். எல்லா நாளையும் விருந்து நாளாக்க வேண்டாம்.

பள்ளியில்: பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேளுங்கள். கேன்டீனில் என்ன விற்கிறீர்கள்? நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? பிள்ளைகள் குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா? தண்ணீர் சரியில்லாத பள்ளியில் குளிர்பானத்தைத் தடுத்துப் பயனில்லை. தனியாக ஒருவர் கேட்பதைவிடப் பத்துப் பெற்றோர் கையெழுத்திட்டு ஒரு கடிதமாகக் கொடுப்பது நல்லது.

குடும்பமாகப் பேச

* நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை நம் பிள்ளை என்னென்ன சாப்பிட்டது? அதில் பாக்கெட்டிலிருந்து வந்தவை எத்தனை?
* காலை உணவுக்கு இருபது நிமிடம் கிடைக்க, வீட்டில் யார் எந்த வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்?
* நம் தெருவில் பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருப்பவர் யார்? அவருக்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கல்விக்காக எவ்வளவோ பாடுபடுகிறோம். அந்தக் கல்வியைச் சுமக்கும் உடம்பையும் அதே அக்கறையோடு பேணுவோம். இவ்விதழ் கையில் கிடைத்த வாரத்திலேயே பாக்கெட்டுக்குப் பதில் ஒரு டப்பா என்று தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்கு நல்ல உடல்நலத்தையும் பயன்தரும் கல்வியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்