குறைமாதப் பிள்ளைக்குக் கொழுப்புச் சத்து

"எட்டு மாசத்திலேயே பொறந்துடுச்சு, கைக்குள்ளே அடங்குது. பொழைக்குமா?" என்று கலங்கும் தாய் தந்தையரே! முறையாகக் கவனித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து நன்றாக வளரும்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சிசுவின் தோலுக்கு அடியில் கொழுப்புச் சேரும். குதிரில் நெல் சேருமுன் பஞ்சம் வந்தது போல, இப்பிள்ளைக்குச் சேமிப்பு இல்லை. ஆகவே உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பால் தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும்.

தாய்ப்பாலே ஏன்?

கொழுப்பைச் செரிக்கும் பித்தநீரும் கணையநீரும் இப்பிள்ளைக்குக் குறைவு. தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. அதைச் செரிக்கும் நொதியும் அந்தப் பாலிலேயே இருக்கிறது. பசும்பாலில் இந்த நொதி கிடையாது.

செய்ய வேண்டியவை

1. சீம்பாலைக் கொட்டாதீர்கள். முதல் சொட்டிலிருந்தே பிள்ளைக்குச் சேரட்டும்.

2. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குச் சப்பி விழுங்கி மூச்சுவிடுவது ஒருசேர வராது. முதலில் மருத்துவமனையில் குழாய் வழியாகவும், பிறகு டாக்டர் சொன்னபடி சங்கிலும் பால் கொடுக்கலாம். புட்டி வேண்டாம்.

3. பீய்ச்சிய பாலில் மேலே மிதப்பதுதான் கொழுப்பு. மெதுவாக அசைத்துக் கலந்து கொடுங்கள். காய்ச்சாதீர்கள், நொதி கெட்டுவிடும்.

4. மார்பில் குடிக்கும் பிள்ளை ஒரு பக்கம் முழுதும் குடித்த பிறகே மறுபக்கம் மாற்றுங்கள். பின்னால் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம்.

5. 2 அல்லது 3 மணிக்கு ஒரு தடவை, இரவிலும் எழுப்பிக் கொடுங்கள்.

6. பிள்ளையை வெறும் மார்பில் அணைத்து, துணியால் சுற்றிக் கட்டுங்கள். 1978இல் கொலம்பியா நாட்டில் தொடங்கிய இந்தக் கங்காரு முறையில் சூடு மிச்சமாகும். குடித்த பால் உடம்பில் ஒட்டும். அப்பாவும் அணைக்கலாம், வெட்கம் எதற்கு?

"கொழுப்புச் சேரட்டும்" என்று நெய்யோ வெண்ணெயோ நாக்கில் தடவாதீர்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஆகாது. இரும்புச்சத்து, வைட்டமின் சொட்டு மருந்துகளை டாக்டர் சொன்னபடி மட்டும் கொடுங்கள்.

முதல் சில நாள் எடை குறையும்; சுமார் இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடும். பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 15 கிராம் ஏற வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தவறாமல் எடை பாருங்கள்.

பால் குடிக்காமை, உடம்பு சில்லிடுதல், வேகமான மூச்சு, வலிப்பு, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி – இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வழியிலும் பிள்ளை மார்பிலேயே இருக்கட்டும்.

பெற்றவள் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கக் கணவரும் மாமியாரும் வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 வருஷம் இடைவெளி விடுங்கள். நெருக்கமாகத் தரித்தால் மறுபடியும் குறைமாதப் பிரசவமாகும் வாய்ப்பு அதிகம்.