தக்காளி: காயா, பழமா?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ இரவுச் சந்தைக்குச் சென்று பாருங்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் ஆகியவற்றின் அருகே தக்காளியும் குவிக்கப்பட்டிருக்கும். சில அடி தள்ளி இருக்கும் பழக்கடையில் பப்பாளி உண்டு, கொய்யா உண்டு, தக்காளி இராது. விற்பவருக்கு இதில் ஐயமில்லை. வாங்குபவருக்கும் இல்லை. ஐயம் எழுவது பள்ளிக்கூடத்தில்தான்.

தகவல் பணிக்கு வருமுன், நாம் கெடா மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தோம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, பத்துப் பெயர்களைக் கொடுத்துப் பழம், காய்கறி என இரண்டாகப் பிரித்தெழுதச் சொன்னோம். பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவரின் மகள் தக்காளியைப் பழம் என்னும் பகுதியில் எழுதியிருந்தாள். நாம் சிவப்பு மையால் அடித்தோம். ஒரு புள்ளி போயிற்று. அந்த ஒரு புள்ளியால் அவள் வகுப்பில் முதலிடத்தை இழந்தாள்.

அச்சிறுமி அழவில்லை, தாளை எடுத்துக்கொண்டு நேரே வந்தாள். "சார், மாங்காய் பழுத்தால் மாம்பழம் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். தக்காளி பழுத்தால் மட்டும் ஏன் காய்?" என்று கேட்டாள். குழம்பில் போடுவதெல்லாம் காய்கறி என்று நாம் விடை கூறினோம். "அப்படியானால் புளி?" என்றாள். மணி அடித்தது, நாம் தப்பித்துக்கொண்டோம். புள்ளியைத் திருத்தவில்லை. அது நம்முடைய பிழை என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம்.

அவள் கேட்ட கேள்வி தமிழ் மொழியின் இயல்பிலிருந்தே எழுந்தது. தமிழில் காய், பழம் என்பன இருவேறு பொருள்களின் பெயர்கள் அல்ல. ஒரே பொருளின் இரண்டு பருவங்களைக் குறிக்கும் பெயர்கள். முற்றாத நிலையில் காய், கனிந்த நிலையில் பழம். தொல்காப்பியத்தின் மரபியல் மரஞ்செடிகளின் உறுப்புப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில், காயையும் பழத்தையும் தனித்தனியே எண்ணுகிறது. வாழைக்காயைப் பொரியல் செய்கிறோம். அதுவே பழுத்தால் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். மரமும் ஒன்று, தாரும் ஒன்று. பலாவும் அவ்வாறே. நம் இல்லங்களில் தாய்மார்கள், "இரண்டு தக்காளிப்பழம் அரிந்து போடு" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். சொல்லளவில் பழம், பயனளவில் கறி. அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை.

இனித் தாவரவியல் கூறுவதைக் காண்போம். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நீங்கள் நாள்தோறும் நிற்கும் பால்மரமே போதும். பால்மரம் பூக்கிறது. மகரந்தச் சேர்க்கைக்குப் பின்னர், பெண்பூவின் சூற்பை பருத்து மூன்று அறைகள் கொண்ட காயாகிறது. அறைக்கு ஒன்றாகப் பெரும்பாலும் மூன்று விதைகள் இருக்கும். முற்றி உலர்ந்ததும் அது படீரென்று வெடித்து விதைகளைப் பல அடி தூரம் எறிகிறது. நிரையில் நிற்கும்போது அந்த ஓசையைக் கேட்டிராதவர் இரார். அதை எவரும் தின்பதில்லை. கடித்தால் பல்தான் வலிக்கும். எனினும், தாவரவியலில் அதற்குப் பெயர் கனி. பூவின் சூற்பையிலிருந்து உருவாகி, விதையைத் தாங்கி நிற்பது எதுவாயினும் அது கனியே. இனிப்பா, புளிப்பா, உண்ணத் தக்கதா என்னும் கேள்விகளை அறிவியல் கேட்பதில்லை.

இந்த அளவுகோலால் அளந்தால் தக்காளி ஐயத்திற்கிடமின்றிக் கனியாகும். ஆனால், அதனோடு கத்தரிக்காய், மிளகாய், வெண்டைக்காய், பூசணி, பாகற்காய் அனைத்தும் கனிகளாகிவிடும்! கீரை இலை, முள்ளங்கி வேர், உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. 'காய்கறி' என்னும் சொல்லுக்குத் தாவரவியலில் இடமே இல்லை. அது அடுப்படியில் பிறந்த சொல்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் மணத்தக்காளியும் அக்குடும்பமே. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட தக்காளி கடல் கடந்து வந்தபோது, நம் முன்னோர் அதற்குச் சீமைத்தக்காளி என்று பெயரிட்டனர். பால்மரமும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான்.

அறிவியலுக்கும் அடுப்படிக்கும் உள்ள இந்த வேறுபாடு ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு வரி விதித்தது. பழங்களுக்கு வரி இல்லை. 1886இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க் துறைமுகத்திற்குத் தக்காளி கொண்டுவந்த நிக்ஸ் என்னும் வணிகரிடம், சுங்க அதிகாரி ஹெடன் அந்த வரியை வாங்கினார். தக்காளி பழமே என்று வாதிட்டு, கட்டிய பணத்தைத் திரும்பப் பெற நிக்ஸ் வழக்குத் தொடுத்தார். விசாரணையில் வழக்கறிஞர்கள் அகராதிகளைத் திறந்து படித்தனர். ஒருவர் தக்காளிக்குப் பொருள் படிக்க, மற்றவர் கத்தரிக்கும் வெள்ளரிக்கும் படிக்க, முதலாமவர் மீண்டும் எழுந்து உருளைக்கிழங்கிற்கும் முட்டைக்கோசுக்கும் படித்தாராம்! 1893ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாவரவியல்படி தக்காளி கனியே என்பதை நீதிபதி கிரே மறுக்கவில்லை. ஆயினும், மக்கள் அதை உணவோடு சேர்த்து உண்கின்றனரே அன்றி உணவுக்குப் பின் உண்ணும் பழமாகக் கொள்வதில்லை; ஆகவே வரிச்சட்டத்திற்கு அது காய்கறி என்றார். நிக்ஸ் தோற்றார்.

இது அயல்நாட்டு வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டா. நம் வீட்டு விசேடங்களில் முதலில் வைக்கப்படும் வெற்றிலைக்கும் இதே சோதனை வந்தது. இந்தியாவில் அகோலா நகரத்து வணிகர் ஒருவர், தாம் விற்கும் வெற்றிலையும் ஒரு தாவரத்தின் இலை ஆதலால் அது காய்கறியே, அதற்கு விற்பனை வரி கூடாது என்று வழக்காடினார். அம்மாநிலச் சட்டத்தில் காய்கறிக்கு வரிவிலக்கு இருந்தது. 1961இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவரது வாதத்தை ஏற்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் விளைந்து உணவுத் தட்டிற்கு வருவதையே மக்கள் காய்கறி என்கின்றனர். அந்தப் பொருளே சட்டத்திற்கும் பொருந்தும் என்றது. கனடாவில் 1951இல் உப்பிட்ட நிலக்கடலையைப் பற்றி எழுந்த வழக்கொன்றையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாலைச் சமையலுக்குக் காய்கறி வாங்கிவரச் சொன்னால் யாரேனும் கடலை வாங்கி வருவரா என்று அந்நாட்டு நீதிபதி கேட்டிருந்தார். நாம் அறிந்தவரை, மனைவி அனுப்பினால் எவரும் அதற்குத் துணியமாட்டார்.

அடுத்த ஆண்டு, 1962இல், பீகார் மாநில வழக்கில் கரும்பும் பச்சைக் காய்கறி அன்று என முடிவாயிற்று. இஞ்சிக்கு மட்டும் நல்ல காலம்: 1977இல், மேற்கு வங்காளத்து வழக்கில், பச்சை இஞ்சி காய்கறியே என்று அதே நீதிமன்றம் கூறியது.

எனவே, விடை கேள்வியைப் பொறுத்தது. உங்கள் பிள்ளை சோதனைத் தாளில் தக்காளியைக் கண்டால், முதலில் வினாவை முழுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். தாவரத்தின் பாகத்தைக் கேட்கும் வினாவுக்குக் கனி என்று எழுதலாம். சமையலையோ சந்தையையோ பற்றிய வினாவானால் காய்கறி எனலாம். எது என்று வினாவில் தெளிவில்லையேல், விடையை எழுதி அதன் அருகே காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். அன்று அச்சிறுமி காரணத்தை வாயால் கூறினாள். தாளில் அதற்கு இடம் கொடாமல் வினா தயாரித்தவர் நாமே.